பூட்டிய நூல்

விற்போன் தன் பண்டத்தைக் கள்வரிடமிருந்து காத்துக்கொள்ளுதல் முறையே. நூலாசிரியனது உழைப்பும் ஊதியம் பெறுதற்குரியதே. ஆயின், காவலானது கள்வனை விடுத்து, விலை கொடுத்தவனையே வருத்துமாயின் அதனால் விளையும் பயன் யாது? மின்னூல்களுக்கு இடப்படும் படியெடுப்புத் தடையைப்பற்றி யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது இதுகருதியே.

எம் பாட்டனார் வாங்கிய தமிழகராதி ஒன்று எம் இல்லத்தில் உண்டு. அது தந்தையார் கைக்கு வந்து, இன்று எம் கையில் இருக்கின்றது. நண்பர் கேட்பின் இரவல் கொடுக்கின்றோம். பூட்டிய மின்னூலோ, வாங்கியவர் கணக்கிலும், விற்றவர் இசைந்த கருவியிலும் மாத்திரமே திறக்கும். கடை மூடின் நூலும் மூடும். ஆதலின் மின்னூலொன்றை வாங்க எண்ணுந்தோறும் எம் கை தயங்குகின்றது.

இது வீணச்சமன்று. 2009-ஆம் ஆண்டு ஜூலையில் அமேசான் நிறுவனத்தார், உரிமையில்லாதார் தம் கடைவழி விற்ற ஜார்ஜ் ஆர்வெலின் '1984' முதலிய நூல்களை, வாங்கினோரின் கிண்டில் கருவிகளினின்றும் தொலைவிலிருந்தே நீக்கினர். பணத்தைத் திருப்பியளித்து மன்னிப்பும் வேண்டினர். எனினும் மாணவரொருவர், தாம் எழுதிவைத்த குறிப்புக்கள் பயனற்றுப்போயினவென்று வழக்கிட்டார். 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூற்கடையை மூடியபோதும், விற்ற நூல்கள் மறைந்தன. விலை மட்டும் மீண்டது.

பூட்டின்றேல் கொள்ளை பெருகுமே என்பார் உளர். அறிபுனை நூல்களை வெளியிடும் டோர் பதிப்பகத்தார் 2012-இல் தம் மின்னூல்களின் பூட்டை நீக்கினர். ஓராண்டு கழிந்தபின், திருட்டு குறிப்பிடத்தக்கவாறு மிகவில்லையென அதன் இங்கிலாந்துக் கிளையார் அறிவித்தனர். பூட்டை உடைக்க வல்லவன் எப்படியும் உடைப்பான். உடைக்க அறியாத நல்லவனே வெளியே நிற்பான். அவனே விலை கொடுப்பவனும் ஆவான்.

நூல்நிலையத்து இரவல் மின்னூலுக்குத் தவணைப் பூட்டு தகும். அது மீள வேண்டிய பொருள். விலை கொடுத்த நூலுக்கு அது தகாது. வாங்குவோர் அடையாளத்தைப் படியிற் பொறித்து விற்கும் முறையும் உண்டன்றோ?

வணிகர் எம்மை நம்புவாராயின் யாமும் அந்நம்பிக்கைக்கு உரியராதல் வேண்டும். ஒருவர் வாங்கிய படியை வகுப்பனைத்திற்கும் பகிர்ந்தளித்துவிட்டுப் பூட்டைப் பழித்தல் மாணாக்கர்க்கு அழகன்று. விற்போர் பூட்டை நீக்குக. வாங்குவோர் நாணயத்தைக் காக்குக. அப்பொழுதே நூலும் வாழும், நூலாசிரியனும் வாழ்வான்.