சுவரைப் பார்க்கும் பக்கம்

வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும்; மழைக்காலத்தில் அலுமாரிக் கதவு இறுகும். ஓய்வு பெற்றபின் வெனீர் தாளில் சுவர்ப்படம் செய்யத் தொடங்கிய எனக்கும் அந்தக் காற்றோடுதான் வழக்கு.

வெனீர் என்பது அரை மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லிசாகச் சீவிய மரம். இதில் சாயத்துக்கு இடமில்லை. கறுப்புக்குக் கருங்காலி, மஞ்சளுக்குப் பலா, பொன்னிறத்துக்கு முதிரை. சேலை மடிப்பில் நிழல் விழ வேண்டுமானால், தாச்சியில் ஆற்றுமணலைச் சூடாக்கி, வெட்டிய துண்டின் ஓரத்தைச் சில விநாடி அதற்குள் புதைத்து எடுப்பேன். ஓரம் கபிலமாகி, உள்ளே போகப் போக வெளிறும். தூரிகையால் அப்படியொரு நிழல் வராது என்பது என் கட்சி.

மைசூரில் ஈட்டி மரத்தில் குழி தோண்டித் துண்டுகளைப் பதிப்பார்கள். 1912இல் கட்டி முடித்த அரண்மனையில் தந்தம் பதித்த கதவுகளே உண்டு. அங்கே கனமான மரம் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். நானோ துண்டோடு துண்டு பொருத்தி, ஒரே தாளாக்கிப் பலகையில் ஒட்டுகிறேன். முன்பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது அந்தப் பக்கம் இழுக்கும். பலகை அப்பம்போலக் குழிந்துவிடும். அதனால் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டியாக வேண்டும்.

பழைய பிளைவுட் தேயிலைப் பெட்டிகளிலும் இதே கணக்குத்தான். கொட்டாஞ்சேனை வீடுகளில் புத்தகமும் பாத்திரமும் போட்டு வைத்தோமே, அவைதான். பிளைவுட்டில் தாள்கள் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் வருவது நடுத்தாளின் இரு பக்கமும் சமமாக இழுக்கத்தான்.

"சுவரைப் பார்க்கிற பக்கத்துக்கு ஏன் தாத்தா இவ்வளவு பாடு?" என்றாள் கீழ்மாடிப் பிள்ளை. அவளுக்குப் பசையைப் பற்றித்தான் சொன்னேன். மனதில் ஓடியது வேறு. கல்யாண அல்பத்தில் சிரிக்கிறவர்களை ஊருக்கே தெரியும். கணவன் வெளிநாட்டில் இருக்க, மாமிக்கு மருந்தெடுத்து, பிள்ளையை டியூஷனுக்கு விட்டு, கரண்ட் பில்லுக்கு வரிசையில் நிற்கிற மருமகளை எந்தப் படத்தில் காணலாம்? அவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாமலே கோணிப்போன வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. காசு வரவில்லை என்று ஒரு வீடும் அப்படிக் கோணிப் பார்த்ததில்லை.

பின்பக்கத்துக்கு நான் கருங்காலி போடுவதில்லை, கட்டுப்படியாகாது. மலிவான தாளே போதும். ஆனால் தடிப்பு ஒன்றாக இருக்க வேண்டும், ரேகை ஒரே திசையில் ஓட வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒட்டி ஒன்றாகவே அழுத்த வேண்டும். முன்பக்கம் இன்றைக்கு, பின்பக்கம் நாளைக்கு என்று வைத்தால் விடிவதற்குள் பலகை வளைந்துவிடும்.