செம்பூரிலிருந்து தாமிரவருணிக்கு: இரவல் வண்டியில் நான்கு நாள்

சென்ற வைகாசியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்குச் சென்று வந்தோம். நான்கு ஆண்டுகளாகப் போக இயலாதிருந்த பயணம் அது. தடை பணமுமன்று, விடுமுறையுமன்று. எங்கள் அன்னையாருக்கு எழுபத்தொன்பது வயது. முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. கடைசியாக ரயிலில் போனபோது மேம்பாலப் படிகளிலேயே பாதி உயிர் போயிற்று; ஒன்றரை நாள் பயணம் முடிந்து திருநெல்வேலியில் இறங்குகையில் பெட்டியின் படியில் கால் தவறிற்று. அன்றிலிருந்து ஊர்ப் பேச்சை எடுத்தாலே, “போட்டும், நினைச்சாப் போதாதா?” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆகவே, சொந்த வண்டி ஒன்று வாங்கிச் சாலை வழியே அழைத்துச் சென்றால் என்ன என்று எண்ணினோம். எந்த வண்டி என்பதில் வீடு இரண்டுபட்டது. கல்லூரியில் படிக்கும் மகன் கேட்டது விளையாட்டு மிடுக்குள்ள ‘எஸ்.யு.வி.’, எங்களுக்கு வேண்டியதோ குடும்பம் உட்காரும் வண்டி. இரண்டும் ஒன்றுதான் என்றான் அவன். புணேயில் இருக்கும் தம்பி அத்தகைய வண்டி ஒன்றை ஓராண்டாக வைத்திருக்கிறான். அதையே இரவல் வாங்கிப் போய்ப் பார்த்துவிடுவது என முடிவாயிற்று. வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விளம்பரமும் வேண்டா, வழக்கும் வேண்டா.

இந்த மூன்றெழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. டாட்டாவின் சியரா 1991-லும், சஃபாரி 1998-லும், மகேந்திராவின் ஸ்கார்ப்பியோ 2002-லும் வந்தன. அவை லாரியைப் போல இரும்புச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றிக் கட்டியவை. கரடுமுரடான சாலைக்கு அஞ்சாதவை. வளைவில் சற்றே ஆடுபவை. பின்னர் வந்த டஸ்டர் (2012), கிரெட்டா (2015) முதலியவற்றில் தனிச் சட்டம் இல்லை. காரைப் போல உடலே சட்டம். இன்று குடும்பங்கள் வாங்கும் எஸ்.யு.வி.களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் இனம். பார்வைக்குக் காட்டு யானை. ஆனால் இழுப்பவை முன் சக்கரங்கள் இரண்டு மட்டுமே. தம்பியின் வண்டியும் அத்தகையதே. நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர், எஞ்சின் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல். ஆற்றல் 160 குதிரைத்திறன். சக்கரம் 18 அங்குலம். இருக்கைகளில் சிவப்பு நூல் தையல்.

புறப்பட்ட விடியற்காலையிலேயே முதற் சோதனை. அன்னையார் ஏற வேண்டும். இருக்கை அவர் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. தாழ்ந்த காரில் குழிக்குள் இறங்குவதுபோல் அமர்ந்து, எழும்போது இருவர் தூக்கவேண்டும். இதில் அத்தொல்லை இல்லை. ஆயினும் வாசற்படி உயரம்; முதல் கால் எட்டவில்லை. வீட்டிலிருந்த மரமணையைக் கொண்டுவந்து போட்டோம். “கல்யாணத்துல உக்காந்த மணை. அதைச் செருப்புக்காலால மிதிக்கவா?” என்று நின்றுவிட்டார். அன்று இருவர் தாங்கி ஏற்றினோம். சாத்தாராவில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கியபின் நான்கு நாளும் துணையின்றித் தாமே ஏறினார், இறங்கினார். இலட்சக் கணக்கில் விலை பெறும் வண்டியின் குறையை அந்த முக்காலி தீர்த்தது.

புணே விரைவுச் சாலையில் போர் காட் ஏற்றம் வந்தது. வாரக்கடைசி, கோடை விடுமுறை. வண்டிகள் எறும்புச் சாரையாய் ஊர்ந்தன. அரை மணி நேரத்தில் எங்கள் வண்டியின் கண்ணாடித் திரையில் எச்சரிக்கை ஒன்று தோன்றிற்று: கியர்ப்பெட்டி சூடேறிவிட்டதாம். இதில் கிளட்ச் மிதி கிடையாது. உள்ளே உள்ள இரண்டு கிளட்சுகளைக் கணினியே இயக்குகிறது. ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால், ஓட்டுநர் அரைக் கிளட்சில் நிற்பதற்கு ஒப்பாகும். சூடேறாமல் என்ன செய்யும்? ஓரங்கட்டி இருபது நிமிடம் நின்றோம். பிறகு முன்வண்டி நான்கு வண்டி நீளம் விலகும்வரை காத்திருந்து நகரும் உத்தியைக் கையாண்டோம். எச்சரிக்கை மீண்டும் வரவில்லை. விரைவுக்காகப் பிறந்த பொறிக்கு ஊர்தல் ஒவ்வாது. மும்பை வாழ்க்கையோ பெரும்பாலும் ஊர்தல்தான்.

சாத்தாராவுக்கு முன்னுள்ள கம்பாட்கி மலைப்பாதையில் வண்டி தன் சிறப்பைக் காட்டிற்று. நாங்கள் மலைமேல் ஏறும் பாதையில் சென்றோம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயவில்லை; கரும்பு லாரிகளைத் தாண்ட வேண்டிய இடத்தில் மிதித்த மாத்திரத்தில் பாய்ந்தது. மலைப்பாதையென்றால் தவறாமல் வாந்தியெடுக்கும் எங்கள் மகள் அன்று எடுக்கவில்லை. ஆனால் சமவெளிக்கு வந்தபின், மகன் அந்தப் பாய்ச்சலில் சுவை கண்டு அடிக்கடி மிதிக்கவே, கோலாப்பூருக்கு இருபது கிலோமீட்டர் முன்பாக எடுத்துவிட்டாள். அன்னையார் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, “ஏலே, இது வண்டியா, குதிரையா?” என்று கேட்டார். அவன், “குதிரைதான் ஆச்சி, நூத்தறுபது” என்றான்.

இரண்டாம் நாள் ஹூப்ளி, தாவணகெரே வழியாகச் சித்ரதுர்காவரை சுமார் 400 கிலோமீட்டர். சாலை விரிவாக்கம் நடந்த இடங்களில் மாற்றுப்பாதைகளின் பள்ளங்கள் எங்களை எண்ணி எண்ணிக் குலுக்கின. அன்னையாரின் முகம் சுருங்கியது. அவர் குறை சொல்லும் வழக்கமில்லாதவர்; ஆகையால் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தைப் பார்த்தோம். 215/55 என்று பொறித்திருந்தது. டயரின் அகலம் 215 மில்லிமீட்டர்; பக்கச்சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 118 மில்லிமீட்டர். அழகுக்காக வளையத்தைப் பெரிதாக்கினால் ரப்பரும் காற்றும் நிற்கும் இடம் குறையும். அதிர்ச்சியைத் தாங்குவது அந்தக் காற்றுத்தான். போதாக்குறைக்கு, கதவோரம் ஒட்டியிருந்த சீட்டில் குறித்ததைவிட ஏழு அலகு கூடுதலாகக் காற்றடைத்திருந்தான் தம்பி, பெட்ரோல் மிச்சமாகுமாம். தாவணகெரேயில் வெண்ணெய்த் தோசை தின்றுவிட்டு, டயர் ஆறும்வரை காத்திருந்து, குறித்த அளவுக்குக் குறைத்தோம். பாதித் துன்பம் அத்துடன் நீங்கியது. மீதிப் பாதி நீங்கவில்லை. விறைப்பான ஸ்பிரிங்குகளின் குணம் அது. வளைவில் சாயாத அதே விறைப்புத்தான் பள்ளத்தில் முதுகெலும்பைத் தட்டுகிறது. ஒன்றை ஏற்றால் மற்றதையும் ஏற்கவேண்டும்.

சித்ரதுர்காவில் குன்றுகளின்மேல் காற்றாலைகள் சுழன்றன. “நம்ம கயத்தாத்துப் பக்கம் போல இருக்கே” என்று அன்னையார் வியந்தார். அன்றிரவுதான் முதன்முறையாக, ஊரில் யார் யாரைப் பார்க்கவேண்டும் என்று எண்ணிச் சொல்லத் தொடங்கினார். அவர்களுள் மூவர் இப்போது இல்லை என்பதை நாங்கள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பெங்களூரைச் சுற்றிக்கொண்டு ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரி கடந்தோம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் இறக்கம். சரக்கு லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய விபத்துகளால் பெயர் கெட்ட இடம். இறக்கத்தில் பிரேக்கையே நம்பினால் அது சூடேறி வலுவிழக்கும். கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டவேண்டும். தானியங்கி வண்டி தன் போக்கில் விட்டால் உயர்ந்த கியருக்குத் தாவிவிடும். மகன் ‘ஸ்போர்ட்’ என்ற பொத்தானை அழுத்தினான். அந்நிலையில் வண்டி கீழ்க் கியரிலேயே நின்றது. பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்கினோம். விளையாட்டுக்கென வைத்த பொத்தான் நிதானத்துக்கு உதவியதைக் கண்டு, அவனைப் பற்றிய எங்கள் கருத்தையும் சிறிது மாற்றிக்கொண்டோம்.

கண்ணாடிக் கூரையைப் பற்றியும் சொல்லவேண்டும். குழந்தைகள் ஆசைப்படுவது இதற்கே. நாமக்கல்லைத் தாண்டிய வெயிலில் அதன் திரையை மூடியும் உச்சந்தலை காய்ந்தது. குளிர்சாதனம் முழு மூச்சில் ஓடிற்று. ஓடும் வண்டியில் பிள்ளைகளை அதன் வழியே நிற்கவைத்து வேடிக்கை காட்டும் பெற்றோரை வழியில் இரண்டு இடத்தில் கண்டோம். பிரேக் ஒன்று திடீரென விழுந்தால் அக்குழந்தையின் கதி என்ன? ஆறு காற்றுப் பைகள் இருந்தும் பயனில்லை; அவை வார் போட்டு உட்கார்ந்தவர்களுக்கே துணை. 2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டிலேயே மோதல் சோதனை நடத்தி விண்மீன் கணக்கில் மதிப்பெண் தருகிறார்கள். வாங்குவோர் சிவப்பு நூலைப் பார்க்குமுன் அந்த மதிப்பெண்ணைப் பார்க்கலாம்.

நான்காம் நாள் மதுரை கடந்து கோவில்பட்டி, கயத்தாறு. காற்றாலைகளைக் கண்டதும் அன்னையார் புடைவையைச் சரிசெய்துகொண்டார். திருநெல்வேலியில் ஆற்றுப் பாலத்தின்மேல் வண்டியை மெதுவாக விடச் சொன்னார். கோடையிலும் தாமிரவருணியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் பேசவில்லை. சேரன்மாதேவி தாண்டியபின், “மெதுவாப் போ ராசா, கொடை நாளைக்குத்தான்” என்றார் பேரனிடம். அவன் அதற்கு முன்பே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

ஊரில் வண்டிக்கு நல்ல வரவேற்பு. எங்களை நலம் கேட்குமுன் விலையைக் கேட்டவர்களும் உண்டு. பம்பாய்க்காரர் வண்டி என்று பெயர் பரவியது. இரவல் என்பதை முதல் நாள் நாங்களும் அழுத்திச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் இரவு அம்மன் சப்பரம் எங்கள் தெருவுக்கு வந்தது. வண்டியின் அகலத்தால் வழியில்லை. மேளம் நிற்க, ஊர் பார்த்திருக்க, மகன் பின்னோக்கி நகர்த்தி நகர்த்திக் கடைசியில் பக்கத்து வயல்மேட்டில் ஏற்றினான். தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடையே பத்தொன்பது சென்டிமீட்டர் இடைவெளி இருந்ததால் ஏறிற்று. சப்பரம் போயிற்று. அதன்பின் யாரும் விலை கேட்கவில்லை.

செலவுக் கணக்கையும் எழுதிவிடுகிறோம். போகும் வழி 1,640 கிலோமீட்டர், குடித்தது 117 லிட்டர், லிட்டருக்குப் பதினான்கு. நிதானமாக எண்பதில் சென்றபோது பதினாறு. மகன் குதிரை விட்ட பகுதியில் பன்னிரண்டு. மும்பைத் தெருக்களில் ஒன்பதைத் தாண்டுவதில்லை என்கிறான் தம்பி. நாங்கள் சென்றபோது லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். பெட்ரோலுக்கே ஒரு வழிக்குப் பன்னிரண்டாயிரம் ஆயிற்று. சுங்கம் தனி. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு 2025 ஆகஸ்டு 15 அன்று 3,000 ரூபாயில் 200 முறை கடக்கும் ஆண்டுச் சீட்டு அறிமுகமாயிற்று. தம்பி அதை வாங்கியிருந்ததால் எங்களுக்கு ஆதாயம். புணே விரைவுச் சாலையில் அது செல்லாது. வரியைக் கேட்டால், 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 40 விழுக்காடு. நான்கு மீட்டருக்குள் அடங்கி 1,200 சி.சி.யைத் தாண்டாதவற்றுக்கு 18. அந்த முப்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு நாம் தரும் விலை சிறிதன்று. ஆனால் ஐவரின் பெட்டிகளும், கொடைக்குக் கொண்டுபோன பட்டும், ஊரிலிருந்து வந்த அரிசியும் கருப்பட்டியும் அந்த முப்பது சென்டிமீட்டரில்தான் கிடந்தன.

அரிசியும் கருப்பட்டியும் வந்தன, அன்னையார் வரவில்லை. கொடை முடிந்த மறுநாள் காலை திண்ணையில் அமர்ந்தபடி, “ஆடி அமாவாசைக்கு வந்து பாபநாசத்துல அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துட்டு என்னைக் கூட்டிட்டுப் போங்க” என்றார். சித்தப்பா வீட்டில் இருந்துகொள்கிறாராம். எதில் அழைத்துப் போவது என்று கேட்டோம். “எதுலயாவது. முக்காலியை மட்டும் மறந்திராதீங்க.”

ஆடியில் மேற்கு மலைத்தொடரில் மழை கொட்டும். சாலை எப்படியிருக்கும் என்பது இப்பக்கம் வாழும் நம்மவர்க்குத் தெரியும். தம்பியும் அப்போது வண்டியைத் தர இயலாது. செம்பூர் திரும்பிய வாரமே விற்பனைக் கூடத்துக்குப் போனோம். அதே உடலில் டர்போ இல்லாத எஞ்சினும், ஓரங்குலம் சிறிய சக்கரமும், உயர்ந்த பக்கச்சுவருமுள்ள வகை ஒன்று உண்டு. கண்ணாடிக் கூரை இல்லை. 115 குதிரைத்திறன். வழிநெடுகப் பெரும்பாலான பலகைகள் 80 அல்லது 100 என்றே சொன்னமையால் அது போதும் என்று கண்டோம். பள்ளமான தெருவொன்றில் ஓட்டிப் பார்த்தோம். பின்னிருக்கையில் நாங்கள் இருவரும் மாறி மாறி அமர்ந்து குலுக்கலைச் சோதித்தோம். எங்கள் கட்டடத்தின் நிறுத்துமிடத்தில் அடங்குமா என்று நாடா பிடித்து அளந்துகொண்டும் போயிருந்தோம். இருபுறமும் ஒரு சாண் மிஞ்சும்.

மகன் கடைசிவரை சிவப்பு நிறமாவது வேண்டும் என்றான். சிவப்புக்குப் பத்து வாரம் ஆகும், வெள்ளை மூன்று வாரத்தில் கிடைக்கும் என்றார் விற்பனையாளர். அவன் சுவரிலிருந்த நாட்காட்டியில் ஆடி அமாவாசையைத் தேடிப் பார்த்துவிட்டு, “வெள்ளை எழுதிக்கங்க” என்றான்.