காட்டர் பின்னும் ஒரு பழைய பொய்யும்

சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருப்பீங்க. காட்டர் பின் கழட்டினவங்க எத்தனை பேர்? கழட்டினவங்க இதைப் படிச்சுட்டு தலையை ஆட்டுவீங்க. கழட்டாதவங்களுக்கு முதல்ல ஒரு சின்ன விளக்கம்.

பழைய கறுப்பு சைக்கிள்ல மிதிகட்டையைத் தாங்குற இரும்புக் கை இருக்குல்ல, அதுதான் கிராங்க். அந்தக் கிராங்கை நடு அச்சோட சேர்த்துப் பூட்டுறது ஒரு சின்ன ஆணி. அதுதான் காட்டர் பின். ஒரு பக்கம் சரிவா சீவியிருக்கும், ஆப்பு மாதிரி அச்சோட பள்ளத்துல உட்கார்ந்துக்கும். சன்னமான முனையில மறை, அதுல ஒரு நட்டு. வருஷக்கணக்கா மிதிக்க மிதிக்க ஆப்பு இறுகிக்கிட்டே போகும். இதுல துரு வேற பிடிச்சா கேக்கவே வேண்டாம். இரும்பை விட துரு அதிக இடத்தை அடைச்சுக்கும். அப்புறம் பின் எது, கிராங்க் எதுன்னு பிரிக்க முடியாது.

இனி கொசுவத்தி சுத்திக்கலாம்.

1995. நான் பத்தாவது. எங்க ஊர் தர்மபுரி மாவட்டம், பாப்பாரப்பட்டி பக்கம். வீட்ல பட்டுப்பூச்சி வளர்ப்பு. கூடு தயாரானா மூட்டை கட்டி, அப்பா தன்னோட ஹெர்குலிஸ்ல வச்சு தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்குக் கொண்டு போவார். கூட்டை ரொம்ப நாள் வச்சிருக்க முடியாது. உள்ள இருக்கிற பூச்சி ஓட்டை போட்டு வெளிய வந்துட்டா நூல் அறுந்துடும், அப்புறம் விலையே கிடையாது.

அந்தத் தடவை மார்க்கெட்டுக்குப் போக முந்தின நாள், இடது மிதிகட்டை 'டக் டக்'னு ஆடுச்சு. அப்பா காசு குடுத்து, "கடைக்குப் போய் பின்னு மாத்திட்டு வாடா"ன்னு அனுப்பினார். நான் புதுப் பின் மட்டும் வாங்கிட்டு, கூலிக்காசுல சினிமாவுக்குப் போயிட்டேன். பின் தானே, நாமளே மாத்திக்கலாம்னு நினைப்பு.

சாயங்காலம் வந்து நட்டை முழுசாக் கழட்டி வீசிட்டு, அம்மிக் குழவியைத் தூக்கி பின் தலையில போட்டேன். ஒண்ணு, ரெண்டு, இருபது. பின் நகரலை. மறை இருந்த முனை காளான் மாதிரி விரிஞ்சு, பின்னே வளைஞ்சு போச்சு. இனிமே நட்டும் ஏறாது, பின்னும் வராது.

அப்பா வந்ததும் கூசாமச் சொன்னேன்: "கடைக்காரர்தான்ப்பா இப்படி அடிச்சு வச்சுட்டாரு."

அப்பா குனிஞ்சு பின்னைப் பார்த்தார். ஒண்ணும் பேசலை. மறுநாள் விடியக்காலை மூட்டையை சைக்கிள்ல கட்டி, பஸ் வர்ற ரோடு வரைக்கும் தள்ளிக்கிட்டே போனார். அப்புறம் அதே கடையில துளை போட்டு அந்தப் பின்னை எடுத்தாங்க. அவர் கடைக்காரர்கிட்ட சண்டை போடலை. எனக்கு அது ஏன்னு புரியவும் இல்லை, கேக்க தைரியமும் இல்லை. பல மாசம் நான் அந்தக் கடை வழியாப் போகவே மாட்டேன்.

இருபத்தஞ்சு வருஷம் தாண்டி வாங்க. 2020 ஏப்ரல், லாக்டவுன். நான் ஓசூர்லருந்து ஊருக்கு வந்து மாட்டிக்கிட்டேன். அதே ஹெர்குலிஸ், மிதிச்சா 'கறக் கறக்'னு சத்தம். நடு அச்சுல குண்டு காய்ஞ்சு போச்சு. கிரீஸ் வைக்கணும்னா இடது கிராங்கைக் கழட்டணும். கிராங்கைக் கழட்டணும்னா... அதேதான், காட்டர் பின். கடை எதுவும் திறக்கலை.

நான் குழவியைத் தேடிப் போனதைப் பார்த்து அப்பா திண்ணையில இருந்து, "அதை வச்சுட்டு இங்க வா"ன்னார். எழுபது வயசு தாண்டினவர். உட்கார்ந்த இடத்துலயே பாடம் ஆரம்பிச்சுது.

முதல்ல மண்ணெண்ணெயும் வண்டியில வடிச்ச பழைய ஆயிலும் கலந்து பின்னைச் சுத்தி விட்டோம். ராத்திரி பூரா ஊறணும். மண்ணெண்ணெய் இளக்கம், சந்து பொந்தெல்லாம் ஊர்ந்து போகும்.

காலையில நட்டைத் தளர்த்தினேன், ஆனா கழட்டலை. நட்டோட மேல்மட்டமும் பின் முனையும் சமமா இருக்கிற வரைக்கும்தான். அடி விழுறப்ப நட்டும் சேர்ந்து தாங்கும், மறை விரியாது. 1995ல நான் பண்ணின முதல் தப்பு அங்கேயே தெரிஞ்சு போச்சு.

அப்புறம்தான் முக்கியமான வேலை. போர் போட்டப்ப மிச்சமான ஜி.ஐ. பைப் துண்டு ஒண்ணு கொல்லையில கிடந்தது. ஒரு அடிக்குக் கொஞ்சம் கம்மியா அறுத்து, கிராங்குக்கு நேர் கீழே நட்டுக்குத்தலா நிறுத்தினோம். பின்னோட அடித்தலை பைப் ஓட்டைக்குள்ள இறங்குற மாதிரி. சைக்கிளோட கனம் முழுக்க பைப் மேல. அம்மா ஹேண்டில் பாரைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"கீழ முட்டு இல்லாம அடிச்சா, நீ அடிக்கிற அடியை டயரும் குண்டும் வாங்கிக்கும். பின்னுக்குப் போய்ச் சேராது. இருபது சின்ன அடி பின்னை நசுக்கும். ஒரே ஒரு நேர் அடி வெளிய தள்ளும்"னார் அப்பா.

விறகு பிளக்கிற கோடாலியைத் திருப்பி, முதுகுப் பக்கத்தால ஓங்கி ஒண்ணு போட்டேன். 'டங்'னு சத்தம். நட்டு கிராங்கோட ஒட்டிக்கிச்சு. பின் இறங்கிடுச்சு! நட்டைக் கழட்டி ஆணியால லேசாத் தட்டினதும் பைப்புக்குள்ள 'கிளுக்'னு விழுந்துது.

பைப்பைக் கவுத்து பின்னை அப்பா கையில குடுத்தேன். முனை நேரா, விரியாம இருந்துச்சு. அதைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "கடைக்காரன் அடிச்சா பின்னு இப்படித்தான் இருக்கும்."

எனக்கு காது சூடாயிடுச்சு. "அன்னைக்கே தெரியுமாப்பா?"

"காளான் மாதிரி விரிஞ்ச பின்னைப் பார்த்தா தெரியாதா? குழவியில இரும்புத்தூள் வேற ஒட்டியிருந்துச்சு. உங்கம்மாதான் கழுவினா."

"ஏன் கேக்கலை?"

"கேட்டிருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்ப."

அவ்வளவுதான். தகரப் பெட்டியைத் திறந்து புதுப் பின் ஒண்ணு எடுத்துக் குடுத்தார். 1995லருந்து வீட்ல எப்பவும் ரெண்டு பின் இருக்குமாம், நான்தான் கவனிச்சதில்லை. அதை அரத்துல கொஞ்சமாச் சீவி, ரெண்டு கிராங்கும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி உட்கார வச்சோம். மறுநாள் காலையில அப்பா அதுலதான் தோட்டத்துக்குப் போனார். சத்தமே இல்லை.

லாக்டவுன் முடிஞ்சதும் அந்தக் கடைக்காரரைத் தேடிப் போனேன். கடை இருந்த இடத்துல இப்ப செல்போன் ரீசார்ஜ் கடை. அவர் இறந்து நாலு வருஷம் ஆச்சுன்னாங்க. அப்பாகிட்ட இருந்த கணக்கு தீர்ந்துச்சு, இவர்கிட்ட இருக்கிறது தீராது. அதான் இங்க எழுதி வைக்கிறேன்: ஐயா, அந்தப் பின்னைக் கெடுத்தது நான்தான்.

பின் குறிப்பு (நிஜமாவே பின்னைப் பத்தின குறிப்பு இல்லை, மிதிகட்டையைப் பத்தினது): இடது மிதிகட்டைக்கு மறை எதிர்ப்பக்கமா இருக்கும். வழக்கம் போலத் திருகினா இன்னும் இறுகும். மிதிக்கிறப்ப தானாக் கழண்டு விழாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. விமானம் விட்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வச்சிருந்த காலத்துல, 1900ல, தங்களோட சைக்கிள்ல இதைப் போட்டாங்க. குழப்பமே வேண்டாம்: எந்தப் பக்கமா இருந்தாலும் ஸ்பேனர் மேல் நோக்கி நிக்கிற மாதிரி மாட்டி, பின் சக்கரத்துப் பக்கமாத் தள்ளுங்க, கழலும். வரலைன்னா ஸ்பேனர் கைப்பிடியில ஒரு பைப்பைச் சொருகி நீளமாக்கிக்குங்க. குழவியை மட்டும் எடுத்துடாதீங்க :-)