புதன்கிழமை பதினோரு மணிக்கு

வியாழன்

மெயில் வந்துவிட்டது. வரும் புதன்கிழமை காலை 11 மணிக்கு நேர்காணல், கூகுள் மீட்டில். கோவையில் ஒரு தணிக்கை அலுவலகம். ஜிஎஸ்டி கணக்கு பார்க்க ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்கிறார்கள். கோவில்பட்டியில் இருந்துகொண்டு கோவை வேலையைப் பார்க்க முடியும் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

2016 கடைசியில் வேலையை விட்டேன். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அத்தை ஒருவரால் தூக்கி உட்கார வைக்க முடியாது. அடுத்த ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த வாட் கணக்கு அதோடு போயிற்று. "நீ படிச்சதெல்லாம் பழசாப் போச்சே" என்று சொல்லாதவர்கள் இல்லை. முழுவதும் பழசாகிவிடவில்லை என்று எனக்குத் தெரியும். அதை முகம் தெரியாத மூன்று பேருக்குத் திரை வழியாக விளங்கவைக்க வேண்டும். இந்த வாரத்து வேலை அதுதான்.

வெள்ளி

இடம் பார்த்தோம். ஹாலில் டிவி, அத்தையின் கட்டில், தெரு வாசல். மாடி அறையில் சிக்னல் இல்லை. மிச்சம் மாமாவின் அறைக்கு ஒட்டிய சின்ன அறை. கிழக்குப் பார்த்த ஜன்னல். அதற்கு எதிரே உட்கார்ந்தால் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. முதுகை ஜன்னலுக்குக் கொடுத்தால் முகம் இருட்டாகி உருவம் மட்டும்தான் தெரிகிறது.

பின்னால் பீரோவும் துணிக்கொடியும் தெரிகின்றனவே என்று மகள் பின்புறத்தை மங்கலாக்கும் வசதியைப் போட்டாள். அண்ணன் மகனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் இது. என் உருவத்தைச் சுவரிலிருந்து நொடிக்கு நொடி பிரித்தெடுக்க வேண்டிய பாரத்தை அதன் பிராசசரால் தாங்க முடியவில்லை. படம் நின்று நின்று வந்தது, குரலும் சேர்ந்து வெட்டியது. வேண்டாம் என்றேன். கொடியைக் கழற்றியாயிற்று. பீரோ இருந்தால் இருக்கட்டும், அது வீடுதானே.

கான்கிரீட் அறையில் எதிரொலி. தரையில் ஜமுக்காளம் விரித்து, பீரோக் கதவைத் துணிகளோடு திறந்து வைத்ததும் பாதி அடங்கிவிட்டது. படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. குரல் போனால் எல்லாம் போச்சு.

சனி

கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும்; ரவுட்டர்தான் அணையும். என் வீட்டுக்காரர் கடைவீதியில் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வந்து மாட்டினார். மெயினை அணைத்துப் பார்த்தோம், இணைப்பு அறுபடவில்லை. அதுவும் கைவிட்டால் அவருடைய போனில் ஹாட்ஸ்பாட். பராமரிப்பு மின்தடைப் பட்டியலில் புதன்கிழமை எங்கள் பகுதி இல்லை என்று ஈபி ஆபீசில் கேட்டு வந்துவிட்டார்.

ஞாயிறு

மகள் கேள்வி கேட்பவளாக உட்கார்ந்தாள், ஹாலில் போனோடு. நான் உள்ளே லேப்டாப்போடு. இரண்டு பதில் சொல்வதற்குள், "அம்மா, நீ என்னயப் பாக்காம உன்னையவே பாத்துக்கிட்டு இருக்க" என்றாள்.

உண்மைதான், திரையின் ஓரத்தில் என் முகம் இருக்கிறதே. வீடியோ சந்திப்பு ஆளை ஏன் இப்படிக் களைக்கவைக்கிறது என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதினார். அவர் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று, நேரம் பூராவும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. அந்தச் சதுரத்தை மறைத்துவிட்டோம். மூச்சு இலகுவானது.

இன்னொன்று, நான் பேசத் தொடங்கும்போதெல்லாம் அவள் கேள்வியின் வால் வந்து மோதியது. குரல் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் ஆனால் பேச்சு தடையில்லாமல் ஓடும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அதற்கு மேல் போகப் போக ஒருவர் பேச்சில் மற்றவர் விழுந்துவிடுவோம். கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். யோசித்துச் சொல்வதற்கும் அது உதவுகிறது.

திங்கள்

கணக்கு.

தேதிகள் மனப்பாடம்: மாதா மாதம் 11-க்குள் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 14-ஆம் தேதி வாங்கியதன் வரி வரவைக் காட்டும் 2பி வந்துவிடும், 20-க்குள் வரி கட்டும் 3பி. இவற்றை யாரும் ஒப்பிப்பார்கள். நான் செய்த ஒரு வேலையைச் சொல்லலாம் என்று தீர்மானித்தேன்.

தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு நான்தான் ரிட்டர்ன் போடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பைப் பில், 40,000 ரூபாய், 18 சதவீதத்தில் வரி 7,200. பில் கையில் இருக்கிறது, சரக்கு வந்துவிட்டது, பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் 2பி-யில் அந்த வரி இல்லை. விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் அதைச் சேர்க்க விட்டுவிட்டார். 2022 ஜனவரியிலிருந்து, விற்றவர் காட்டாததால் 2பி-யில் வராத வரியை நாம் வரவு எடுக்க முடியாது. "நான்தான் வரியோட சேத்துக் குடுத்துட்டேனே, திரும்ப எதுக்கும்மா கட்டணும்?" என்று அண்ணாச்சிக்கு ஆத்திரம். நியாயமான ஆத்திரம். பில்லையும் 2பி-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டினேன். பிறகு விற்றவருக்கு நானே போன் போட்டு, அடுத்த மாதக் கணக்கில் அதைச் சேர்க்கவைத்தேன். இந்த மாதம் 2பி-யில் 7,200 வந்து உட்கார்ந்திருக்கிறது.

வாட் காலத்தில் அனெக்சர் ஒன்றில் வாங்கினதும் இரண்டில் விற்றதும் எழுதுவோம். நாம் எழுதியதும் எதிர்க்கடைக்காரர் எழுதியதும் பொருந்தாவிட்டால் வணிகவரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும். அந்த நோட்டீசுகளுக்குப் பதில் எழுதியே பழகிய கை இது. படிவம் மாறியிருக்கிறது, 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி தளத்தில் வந்த ஐஎம்எஸ் வசதியில் ஒவ்வொரு பில்லையும் ஏற்கவோ மறுக்கவோ முடிகிறது. இரண்டு பேர் ஏட்டையும் வைத்து விட்டுப்போனதைத் தேடும் வேலை அப்படியே இருக்கிறது. நான் எங்கும் தொலைந்துபோகவில்லை என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

செவ்வாய், இரவு

"இடையில் ஏன் வேலை பார்க்கவில்லை?" மகள் இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டாள். 'குடும்பச் சூழ்நிலை' என்று தொடங்கினேன். அடுப்படியிலிருந்து அத்தை வந்து நின்றார்கள்.

"என்னத்துக்கு இழுக்க? மாமாவத் தூக்கி உக்கார வச்சு நடக்க வச்சேன்னு சொல்லு தாயி. திருட்டா செஞ்ச?"

மாமா இப்போது கோலூன்றி வாசல் வரை நடக்கிறார். அதில் நான் செலவழித்த வருஷங்களுக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசப்போவதில்லை. 'மாமனாருக்குப் பக்கவாதம், நான் பார்த்துக்கொண்டேன். இப்போது நடக்கிறார், நான் வேலைக்கு வருகிறேன்.' இவ்வளவுதான் பதில். வேலையை விட்டு வீட்டைப் பார்த்த பெண்கள் அந்தக் காலத்தை ஏதோ குற்றம்போல மென்று விழுங்குவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கமாட்டேன் என்கிறது.

அத்தை பத்து மணிக்குள் சமையலை முடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள், குக்கர் சத்தம் இருக்காது. மாமா கூப்பிட்டால் சுவர் வழியே கேட்கும்தான். தொடங்கும்போதே, பக்கத்து அறையில் பெரியவர் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

கடைசியில் 'நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். இரண்டு கேள்வி எழுதி லேப்டாப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். 20-ஆம் தேதி நெருங்கும்போது இரவு எத்தனை மணி வரை வேலை இருக்கும்? தினமும் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மாமாவுக்கு உடற்பயிற்சி செய்யவைப்பது நான்தான். அந்த ஒரு மணி நேரத்தை எனக்கு விட்டுத்தர முடியுமா? சம்பளம் பேசுவதற்கு முன்பே இரண்டையும் கேட்டுவிடுவேன்.