அரிக்கமேட்டு மணி

சென்ற வாரம் பேரன் பாடம் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "தாத்தா, சோமாலியான்னா கடல் கொள்ளைக்காரங்க ஊருதானே?" என்றான். "இல்லடா கண்ணு, நம்ம நாட்டுத் துணியை வாங்கிக் கட்டினவங்க ஊரு" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், எகிப்திலிருந்த கிரேக்க வணிகர் ஒருவர் கடல்வழிக் கையேடு ஒன்றை எழுதினார். அவர் பெயர் தெரியாது. நூலைப் 'பெரிப்ளஸ்' என்பார்கள். செங்கடலைத் தாண்டியதும் சோமாலியக் கரையின் துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறார். அவற்றில் ஒன்று ஓபோனே, இன்றைய ஹாஃபூன். அந்தக் கரைக்கு நம் குஜராத் பக்கத்திலிருந்து அரிசி, நெய், நல்லெண்ணெய், பருத்தித் துணி, கரும்புச் சர்க்கரை எல்லாம் போயிருக்கின்றன. குந்திரிக்கமும் ஆமை ஓடும் அந்தக் கரையின் சரக்குகள். அதே நூல் நம் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைக் குறிப்பிடுகிறது. பொதுகே என்பது புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடுதான் என்பது பல அறிஞர்களின் கருத்து.

நான் பிறந்து வளர்ந்தது அந்த மேட்டுக்குப் பக்கத்தில்தான். படித்தது பிரெஞ்சுப் பள்ளி. பிரான்சு அரசர்களின் பெயர்களையும் சேன், லுவார் நதிகளையும் கடகடவென்று ஒப்பிப்போம். காலுக்கடியில் கிடந்த ஊரைப் பற்றி எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. மழை விட்ட மறுநாள் ஆற்றங்கரை மேட்டில் பையன்கள் மணி பொறுக்கப் போவோம். எங்களுக்கு முந்தைய தலைமுறைப் பையன்களும் அப்படித்தான். அவர்கள் பொறுக்கி வந்தவற்றைப் பார்த்துத்தான் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் அந்த இடத்தின் அருமையைக் கண்டார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிறகு 1947 முதல் 1950 வரை கசால். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோமானிய மதுச் சாடிகளின் உடைசல், இத்தாலியச் சிவப்பு மட்பாண்டம், மணி செய்த கழிவுகள் என்று எத்தனையோ வெளிவந்தன.

பன்னிரண்டு வயதில் எனக்கு ஐந்து மணிகள் கிடைத்தன. நான்கை ஒரு வெளிநாட்டுக்காரருக்கு விற்று சினிமா பார்த்தேன். மிஞ்சிய நீலமணியைக் கல்யாணமான புதிதில் மனைவிக்குக் கொடுத்தேன். வேறு நகை வாங்கித்தர அந்தக் குமாஸ்தா சம்பளத்தில் வழியில்லை. அவள் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கடைசிவரை போட்டிருந்தாள்.

அவள் ஊர்தான் எடப்பாடி. மாமனார் குழித்தறி நெசவாளி. ஒருமுறை புதுச்சேரி வந்தவரை அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போனேன். செங்கல் தொட்டிகள் கிடைத்ததையும், அவை துணிக்குச் சாயம் போட்ட தொட்டிகளாக இருக்கலாம் என்று வீலர் கருதியதையும் சொன்னேன். அவர் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க மாப்ளே, இத்தனை தோண்டினாங்களே, ஒரு முழம் துணியாச்சும் கிடைச்சுதுங்களா?"

"இல்லீங்க மாமா. நம்ம ஈர மண்ணுல துணி மக்கிப் போயிடும்."

"அப்ப நெய்தவன் பேரு நிக்காதுங்க, தொட்டி கட்டினவன் பேருதான் நிக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓய்வுபெற்று இந்த ஊருக்கே வந்துவிட்டேன். அவர் காலமாகி வெகு நாளாயிற்று. அவருடைய தறிக்குழியை மூடி சிமெண்டு பூசி, அதன்மேல்தான் என் நாற்காலி கிடக்கிறது. மனைவியும் போய் மூன்று வருஷமாகிறது. மணி மட்டும் டப்பாவில் இருக்கிறது.

கதையெல்லாம் கேட்ட பேரனுக்கு அதை எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்களுதா தாத்தா, இல்ல அந்த ஊருதா?" என்றான்.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளில் யாருக்கு எது உரிமை என்று குறிப்பு எழுதியவன் நான். இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. இரவெல்லாம் யோசித்தேன். பழைய மணி என்றால் அந்த மேட்டுக்குச் சொந்தம். அவள் கழுத்தில் கிடந்த மணி என்றால் எனக்குச் சொந்தம். இரண்டும் ஒரே மணியாக இருக்கிறதே, என்ன செய்ய?

பொங்கல் விடுமுறையில் பேரனையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். மணியை அங்கே ஒப்படைத்துவிடுவேன். கறுப்புக் கயிறு மட்டும் என்னிடம் இருக்கும். அது 2,000 வருஷத்துப் பொருள் அல்ல. அதை யாரும் கேட்கமாட்டார்கள்.