முதல் அழுத்தலிலேயே



நமது சபையின் பிரசங்க ஒலிப்பதிவுகள் ஒரு சிறிய லினக்ஸ் சர்வரில் இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். உலாவி வழியே அதை நிர்வகிக்க ஒரு பலகை உண்டு. சென்ற சனிக்கிழமை இரவு அதில் ஓர் அமைப்பை மாற்ற முயன்றேன். பிஎச்பி மென்பொருள், நாம் மாற்றாவிட்டால், 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை. என் பிரசங்கங்கள் எவ்வளவு நீளமென்று உங்களுக்கே தெரியும். எண்ணை மாற்றிச் 'சேமி' என்பதை அழுத்தினேன். சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது. மீண்டும் அழுத்தினேன். ஏழெட்டு முறை அழுத்தியிருப்பேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் நம் வாலிபத் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். செயலியும் நினைவகமும் வட்டும் ஓய்வாகவே இருந்தன. "மெஷின் சும்மாதான் இருக்கு பாஸ்டர், எதுக்கோ காத்துக்கிட்டிருக்கு" என்றார். பிறகு 'ரிசால்வ்.கான்ஃப்' என்னும் கோப்பைத் திறந்தார். பெயர்களை விசாரிக்கும் முகவரிகள் அதில் வரிசையாக இருக்கும். முதலாவது, நாம் எப்போதோ கழற்றிவிட்ட பழைய ரவுட்டரின் முகவரி! ஒவ்வொரு விசாரணையும் முதலில் அங்கே சென்று, 5 விநாடி பதிலுக்காக நின்று, பின்னரே அடுத்த முகவரிக்குப் போயிற்று. ஒருமுறை சேமிப்பதற்குள் இப்படிப் பல விசாரணைகள். அந்த ஒரு வரியை நீக்கியதும் பலகை உடனுக்குடன் பதிலளித்தது.

பலகையின் பதிவேட்டையும் அவர் காட்டினார். என் முதல் அழுத்தலிலேயே மாற்றம் ஏற்கப்பட்டிருந்தது. பிந்தியவை வெப் சர்வரை வீணாக மறுபடி மறுபடி தொடங்கச் செய்து, காத்திருப்பை இன்னும் நீட்டின.

பிரியமானவர்களே, அப்போது தானியேலின் பத்தாம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. கோரேஸ் ராஜாவின் மூன்றாம் வருஷத்தில் அவர் மூன்று வாரம் துக்கித்து உபவாசித்தார். இதெக்கேல் நதியண்டை வந்த தூதன், அவருடைய ஜெபம் முதல் நாளிலேயே கேட்கப்பட்டதென்றும், பெர்சியாவின் அதிபதி 21 நாள் தன்னை எதிர்த்து நின்றானென்றும் அறிவித்தான். தாமதம் தானியேலிடத்தில் இல்லை, கேட்டவரிடத்திலும் இல்லை. (திரும்பத் திரும்ப ஜெபிப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் அலட்டிய விதவையை ஆண்டவரே நமக்கு முன்வைத்தார்.)

என்னைக் குத்தியது வேறு. மகனின் குடிப்பழக்கத்துக்காக நெடுங்காலம் ஜெபித்துவரும் ஒரு சகோதரி, "ஏன் இன்னும் பதில் இல்லை ஐயா?" என்று சில மாதங்களுக்கு முன் என்னிடம் கேட்டார்கள். விசுவாசத்தில் குறை இருக்கலாம் என்று சற்றும் யோசியாமல் சொல்லிவிட்டேன். எதையும் சோதித்துப் பாராமல் பழியை அவர்கள்மேல் வைத்தேன். அதன்பின் அவர்கள் ஜெபக்கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்தார்கள். அதற்கும் நான் காரணம் தேடவில்லை.

திங்கட்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்று, நான் சொன்னது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மகன் அன்றும் வீடு திரும்பியிருக்கவில்லை. மூவருக்கும் காப்பி போட்டார்கள். அவன் டம்ளரை மூடி வைத்துவிட்டு, ஜெபிக்க முழங்காற்படியிட்டார்கள். நானும் அவர்களருகே முழங்காற்படியிட்டேன்.