கயிறு இழுத்தவள்

என் பழைய மேசையில் நான்கு இழுப்பறை. குமிழ் மூன்றுதான் மிச்சம். நான்காவதைக் கடைந்து வாங்க, அம்மாவையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கடைசல்காரர் ஒரு குமிழைக் கழற்றி, தலை, கழுத்து, அடி என ஒவ்வோரிடத்தையும் காலிப்பரால் அளந்து, மெல்லிய மரத்துண்டில் கோடு கிழித்துக்கொண்டார். “கண்ண மட்டும் நம்பினா ஜோடி சேராது, மேடம்” என்று மோட்டாரைப் போட்டார்.

அப்பாவின் பட்டறையில் மோட்டார் கிடையாது. கட்டையில் சுற்றிய கயிற்றை அம்மா இரு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பாள். கட்டை தன் பக்கமாகச் சுழலும்போது மட்டும் அப்பா உளியை வைப்பார். பன்னிரண்டு குமிழ் ஒன்றுபோல வர, பன்னிரண்டுக்கும் அவள் இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். வாங்க வந்தவர்கள், “என்னா கை ஆசாரி!” என்பார்கள். கை, ஒருமையில்.

மோருக்கும் மரத்துக்கும் தமிழில் ஒரே வினைதான்: கடைதல். மத்துக்கயிறு இழுப்பவளைக் கடைகிறாள் என்கிறோம். கட்டைக்கயிறு இழுத்தவளை ஒத்தாசை செய்தாள் என்றோம். தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய நானும் எல்லா விண்ணப்பங்களிலும் ‘தந்தை: மரக்கடைசல். தாய்: இல்லத்தரசி’ என்றே எழுதினேன். அவற்றை இனித் திருத்த முடியாது. இங்கே திருத்துகிறேன்: தாய், மரக்கடைசல்.

புதுக் குமிழை அம்மா வாங்கி, கட்டைவிரலால் கழுத்தைத் தடவினாள். “இங்க அரை நூல் கூட இருக்கு.”

கடைசல்காரர் காலிப்பரை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி மோட்டாரைப் போட்டார்.